வெளிநாட்டில் படித்த மருந்தாளுநரும் மலேசியச் சட்டத் தேர்வும்

மலேசியாவில் மருந்தாளுநராக முழுப் பதிவு பெறுவதற்கான தேர்வு மருந்தியல் தேர்வன்று, சட்டத் தேர்வு. மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்கள் இதைப் பேச்சுவாக்கில் ‘ஃபாரென்சிக்’ என்பார்கள். இந்தியாவிலோ பிரிட்டனிலோ படித்துவிட்டுப் பினாங்கிலுள்ள சுங்கை பினாங்குக்குத் திரும்பிய ஒருவரின் மேசையில் பெரும்பாலும் தடிமனான மருந்தியல் நூல்கள்தான் மறுபடி ஏறி உட்காரும். அவை இந்தத் தேர்வுக்கு அதிகம் உதவுவதில்லை. உதவுபவை 1950களில் இயற்றப்பட்டு, பலமுறை திருத்தப்பட்ட சில மெலிந்த சட்டப் புத்தகங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு இங்கே புதிய சங்கதியன்று. மருந்தாளுநர் பதிவுச் சட்டம் வந்தது 1951இல். நாட்டின் முதல் மருந்தியல் கல்விக்கூடம் தொடங்கியது 1972இல், சுங்கை பினாங்கிலிருந்து சற்றுத் தெற்கே குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பதிவு பெற்றவர்கள் சிங்கப்பூருக்கோ கடல் தாண்டியோ போய்ப் படித்தவர்கள்தாம். படித்து வந்ததும் உடனே கடை திறக்க முடியாது என்ற இன்றைய ஏற்பாடு 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஓராண்டுப் பயிற்சி, அதோடு சட்டத் தேர்வு. இவ்வளவும் முடிந்த பிறகே முழுப் பதிவு.

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது பட்டம் செல்லுமா என்பது. மலேசிய மருந்தக வாரியம் ஏற்கும் பட்டங்களுக்குப் பட்டியல் உண்டு. பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டமே பட்டியலில் இருக்க வேண்டும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டு மருந்தகச் சட்டப்படி டி.ஃபார்ம் முடித்தவரும் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். மலேசியாவில் டிப்ளோமா அந்த வாசலைத் திறக்காது. கல்லூரியில் இடம் வாங்கித் தரும் முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், சேர்வதற்கு முன்பே வாரியத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டிய பிறகு கேட்கும் கேள்வியல்ல இது.

அடுத்த இடறல் பெயரில் வரும். மலேசிய அடையாள அட்டையில் ‘முருகன் ஏ/எல் கந்தசாமி’ என்றிருப்பவர் தமிழ்நாட்டுச் சான்றிதழில் ‘கே. முருகன்’ ஆகிவிடுகிறார். ‘ஏ/எல்’ என்றால் ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன், என்று கல்லூரி எழுத்தருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை அவர் பெயரின் பகுதியாகவே தட்டச்சு செய்திருப்பதும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், பட்டத்தில் ஒரு விதம், மாநில மருந்தக மன்றக் கடிதத்தில் மூன்றாவது விதம் என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பிறகு சத்தியப்பிரமாண ஆணையர் முன் ‘சூராட் அக்குவான்’ எழுதிக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டியதுதான். முதலாண்டிலேயே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லி வற்புறுத்துவது அரை மணி நேர வேலை.

பயிற்சிக் காலத்தில்தான் படிப்பும் நடந்தாக வேண்டும். ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் பயிற்சி பெறுபவர் வெளிநோயாளர் முகப்பு, உள்நோயாளர் பிரிவு, மருந்துக் கிடங்கு என்று மாறி மாறி வேலை செய்து, ஒவ்வொன்றையும் பயிற்சிக் குறிப்பேட்டில் நிரப்பி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். குறிப்பேட்டை மாதக் கடைசியில் மொத்தமாக எழுதும் பழக்கம் இருந்தால் முதல் மாதத்திலேயே விட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பிலோ இடமாற்றத்திலோ போயிருப்பார்.

முகப்பில் நிற்கும்போது பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று கைவர வேண்டும். மருந்து உறையில் ‘செபெலும் மாக்கான்’ என்றால் சாப்பாட்டுக்கு முன், ‘செலெப்பாஸ் மாக்கான்’ என்றால் சாப்பாட்டுக்குப் பின். தமிழ்நாட்டில் ‘1-0-1’ என்று எழுதிப் பழகிய கை முதல் வாரம் தடுமாறும். மலாய் மொழியைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: அரசு வேலைக்கு, எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வின் மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் கேட்கிறார்கள். அது இல்லாமல் வெளிநாடு போனவர் திரும்பி வந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுதும் தாளை எழுத நேர்கிறது.

இனிச் சட்டம். அடித்தளம் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், மலாயில் ‘அக்தா ராச்சுன்’. இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து எதுவானாலும் அது ‘ராச்சுன்’. அமாக்ஸிசிலினும் ராச்சுன், ரத்த அழுத்த மாத்திரையும் ராச்சுன். குளுகோர் வளாகத்தில் 1994இல் தொடங்கிய தேசிய நச்சு மையத்தின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. அங்கே அதற்கு நாம் வழக்கமாக நினைக்கும் பொருள். சட்டப் புத்தகத்தில் அது ஒரு வகைப்பாடு, அவ்வளவே. இந்த இரண்டையும் மனத்துக்குள் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ராச்சுன் பட்டியலின் பி பிரிவு மருந்தை மருத்துவரின் மருந்துச்சீட்டு இருந்தால்தான் மருந்தாளுநர் கொடுக்கலாம். அது சட்டத்தின் 21ஆவது பிரிவு. சி பிரிவு மருந்தைச் சீட்டு இல்லாமலும் மருந்தாளுநர் தம் பொறுப்பில் கொடுக்கலாம், ஆனால் முறைப்படி பெயர்ச்சீட்டு ஒட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது சட்டத்தின் 22ஆவது பிரிவு. மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் கடை திறந்திருக்கலாம், சோப்பும் சத்துமாவும் விற்கலாம். ராச்சுன் அலமாரிப் பக்கம் யாரும் போகக்கூடாது. இந்த விதியைத் தலைகீழாக்கிக் கேட்கும் கேள்விகளில்தான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள்.

சறுக்குவதற்குக் காரணம் அறியாமையல்ல, வேறு நாட்டின் அறிவு. இந்தியாவில் படித்தவர் மனத்தில் எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகள் பதிந்திருக்கும். எச்1 மருந்துகளின் விற்பனைப் பதிவை அங்கே மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டென்று நினைவுக்கு வந்து, மலேசியக் கேள்விக்கு விடையாக விழுந்துவிடும். பிரிட்டனில் படித்தவருக்கு வேறு தொல்லை. அங்கே மருத்துவர் எழுதுவார், மருந்துக்கடை கொடுக்கும். மருத்துவரே மருந்து கொடுப்பது சில கிராமப்புறக் கிளினிக்குகளோடு சரி. மலேசியாவில் நச்சுப்பொருள் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கலாம். ஜெலுத்தோங் சாலையில் காய்ச்சலுக்குக் கிளினிக் போனவர் மருந்தோடுதான் வெளியே வருவார், சீட்டோடு அல்ல. ‘தம் நோயாளி’ என்ற சொல்தான் அங்கே கவனிக்க வேண்டியது. கிளினிக் முகப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து அதே மாத்திரையைக் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று கேள்வி வந்தால், விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பழைய நாட்டு விதியை மறக்க முயல்வதைவிட, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எதிரெதிரே எழுதி வைப்பது பலன் தரும். எங்கே மாறுபடுகிறது என்று தெரிந்த விதி குழப்பாது.

நச்சுப்பொருள் சட்டத்தின் உரிமங்களை எழுத்து வரிசையில் மனப்பாடம் செய்தால் நிற்காது; ஆளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏ வகை மருந்தாளுநரின் உரிமம். அது கடைக்காரருக்கோ நிறுவனத்துக்கோ உரியதன்று, அதில் பெயர் உள்ள மருந்தாளுநருக்கும் அதில் குறித்த இடத்துக்கும் மட்டுமே உரியது. பி வகை மொத்த வியாபாரிக்கு. ஈ வகை மருந்துக்கே சம்பந்தமில்லாதது; காஸ்டிக் சோடாவைப் பெருமளவில் பயன்படுத்தும் தொழிலுக்கு உரியது. சவர்க்காரத் தொழிற்சாலை ஏன் மருந்தகச் சட்டத்தில் வருகிறது என்று ஒருமுறை வியந்தவருக்கு ஈ வகை மறக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்ட வேண்டும். மெட்ஃபார்மின், அம்லோடிபின், தடுமலுக்கு வாங்கிய பிரிட்டோன், பனடோல், பாட்டியின் தைலக் குப்பி. ஒவ்வொரு பெட்டியிலும் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அதன் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏ என்றால் ராச்சுன் பட்டியலில் உள்ளது, எக்ஸ் என்றால் பட்டியலில் இல்லாதது, டி என்றால் பாரம்பரிய மருந்து. பனடோலில் எக்ஸ், அதனால்தான் மளிகைக்கடையில் கிடைக்கிறது. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் பி பிரிவு, பிரிட்டோன் சி பிரிவு. இதை யார் விற்கலாம், எந்த ஏட்டில் எழுத வேண்டும், உறையில் என்ன அச்சிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்த்தால், ஐந்து மருந்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் வந்துவிடும். பதிவெண் 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளுக்குரியது. அந்த விதிகள் 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் வருபவை.

1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தைப் படிக்கப் பினாங்கின் லிட்டில் இந்தியா நல்ல இடம். லெபோ பாசாரில் மூலிகைக் கடைச் சுவரொட்டிகளின் மூலையில் ‘கேகேஎல்ஐயு’ என்று ஓர் எண் இருக்கிறதா என்று தேடலாம். அது மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண். நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது.

சீனியர்களின் நகல் குறிப்புகள் கையில் கிடைத்தால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். ராச்சுன் பட்டியல் அடிக்கடி திருத்தப்படுவது. மின்சிகரெட்டுக்கான நிக்கோட்டின் திரவம் சி பிரிவில் இருந்தது. 2023 மார்ச் 31 அன்று வெளியான அரசிதழ் ஆணையால் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு முந்தைய குறிப்பை வைத்துப் படித்தவர் தவறான விடை எழுத நேரலாம். இந்தியப் பாடத்திட்டத்தில் கண்ணில் படாத இன்னொன்று கெத்தும் இலை. மலேசியாவின் வடமாநிலங்களில் வளரும் அந்த மரத்தின் இலையிலுள்ள மிட்ராகைனின் இதே சட்டத்தில் மனமயக்கப் பொருளாக வருகிறது. மனமயக்க மருந்துகளுக்கு 1989ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. மார்ஃபின் போன்றவற்றுக்கு 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம். பயிற்சி மருத்துவமனையில் பூட்டிய அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, இருப்பு குறைந்தால் யார் எங்கே கையெழுத்திடுகிறார் என்று ஒருநாள் நின்று பார்த்தவருக்கு இந்த இரண்டும் குழம்பாது.

மேற்கே போக நினைப்பவர்கள் இந்தத் தயாரிப்பை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவின் எஃப்பிஜிஇஇ தேர்வு மருந்தியல் அறிவைச் சோதிப்பது. 2003 முதல் பட்டம் பெற்றவருக்கு ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்பதால் நான்காண்டு பி.ஃபார்ம் அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

தேர்வில் தேறி, ஓராண்டுப் பயிற்சியும் நிறைவானதற்கான சான்று வாரியத்துக்குப் போன பின் முழுப் பதிவு கிடைக்கும். அதோடு வேலை செய்யத் தொடங்கிவிட முடியாது. ஆண்டுச் சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். ஏ வகை உரிமத்தைப் போலவே அதுவும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகும், அக்டோபரில் வாங்கியிருந்தாலும்.