குன்று ஏறி ஓடலாமா?

டஸ்கனிக்குப் போகிறேன். கோட்டை, பழைய ஊர்கள் வழியே ஓட ஒரு பாதை சொல்லுங்களேன். மேடு என்றால்தான் பயம்!
– வாசகி, கோவை

மோன்டெரிஜ்ஜோனியிலிருந்து சியெனாவுக்கு ஓடுங்கள். சுமார் 20 கி.மீ. ஃபுளோரன்ஸைத் தடுக்க, 13-ஆம் நூற்றாண்டில் சியெனாக்காரர்கள் குன்றின் மேல் எழுப்பிய மதில் ஊர் மோன்டெரிஜ்ஜோனி. இத்தாலியக் கவிஞர் தாந்தே அரக்கர்களை அதன் கோபுரங்களோடு ஒப்பிட்டாராம்! வாசலைத் தாண்டினால் இறக்கம்தான். பிறகு ரோமுக்குப் போன யாத்ரீகர்களின் வியா பிரான்சிஜெனா பாதை. சிவப்பு-வெள்ளைக் குறிகளைப் பிடித்துக்கொண்டே போகலாம். வெள்ளைச் சரளை வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். வழியில் கடைகண்ணி குறைவு, தண்ணீர் கையில் இருக்கட்டும். மேடு வந்தால் தாராளமாக நடங்கள். யாத்ரீகர்களும் நடந்துதானே போனார்கள்! சியெனாவும் குன்றின் மேல்தான். அந்தக் கடைசி ஏற்றத்துக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் வையுங்கள். திரும்பிவர பஸ் உண்டு.