பழைய படகைத் தட்டிப் பார்ப்போம்

சந்தையில் மண்பானை வாங்கும் அம்மாளைக் கவனித்திருக்கிறீர்களா? பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். 'கணீர்' என்று ஒலித்தால் பானை நல்லது. 'டப்' என்று மந்தமாக ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். பேசாமல் கீழே வைத்துவிட்டு அடுத்த பானையை எடுப்பார். அவர் இயற்பியல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்வது நல்லதோர் இயற்பியல் சோதனை.

இதே சோதனையை அமெரிக்க நாட்டின் ஏரிக்கரைகளிலும் செய்கிறார்கள். அங்கே தட்டிப் பார்க்கப்படுவது பானை அன்று. பல்லாயிரம் டாலர் விலையுள்ள மோட்டார் படகு. ஒருவர் ஓட்டிய பழைய படகை இன்னொருவர் வாங்குமுன் எப்படிச் சோதிக்கிறார்? அந்தச் சோதனையில் நம் பாடப்புத்தகத்தின் எத்தனை பாடங்கள் ஒளிந்திருக்கின்றன? வாருங்கள், காண்போம்.

அலை எழுப்பும் படகு

அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டா என்னும் மாநிலம் இருக்கிறது. அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு. 1922-ஆம் ஆண்டில் அங்குள்ள பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, படகு ஒன்று கயிற்றால் இழுக்க, நீரின் மேல் வழுக்கிச் சென்று காட்டினார். நீர்ச்சறுக்கு விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் இரு பலகைகளுக்குப் பதில் ஒரே அகன்ற பலகையில் பக்கவாட்டில் நின்று செல்லும் 'வேக்போர்டு' விளையாட்டு பிறந்தது. 'வேக்' என்றால் படகு சென்ற வழியில், அதன் பின்னால் எழும் அலை. அந்த அலையை மேடையாகக் கொண்டு வீரர் காற்றில் துள்ளி எழுவார்.

அலை பெரிதாக இருந்தால்தான் உயரமாகத் துள்ளலாம். அதற்காக இந்தப் படகுகளில் தொட்டிகள் வைத்து, ஏரி நீரையே பம்பு மூலம் ஏற்றுகிறார்கள். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோகிராம். அவ்வளவு நீரை ஏற்றினால், ஆர்க்கிமிடிஸ் விதிப்படி படகு மேலும் ஒரு கன மீட்டர் நீரை விலக்கியே மிதக்க வேண்டும். படகு ஆழ அமிழ்கிறது, நகரும்போது மிகுதியான நீரை ஒதுக்குகிறது, அலை உயர்கிறது.

ஆனால் இத்தனை சுமையுடன் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது படகின் உடலும் என்ஜினும் கடுமையாக உழைக்கின்றன. ஆகவே பழைய படகை வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெழுகு பூசித் துடைத்தால் பத்து ஆண்டுப் படகும் புதிது போல் மின்னும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: 'தண்ணீர் எங்கே புகுந்தது?' படகைத் தாங்குவதும் தண்ணீர், கெடுப்பதும் தண்ணீர்.

1. மரத்தில் புகுந்த நீர்

இத்தகைய படகின் உடல் கண்ணாடி இழைகளைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படுகிறது. உடலுக்கு வலிமை தர, அடியில் நீளவாக்கில் சட்டங்கள் ஓடுகின்றன. என்ஜின் இவற்றின் மீதுதான் உட்காருகிறது. பழைய படகுகள் பலவற்றில் இச்சட்டங்கள் மரத்தாலானவை. மேலே கண்ணாடி இழை போர்த்தியிருக்கும். எங்கேனும் ஒரு திருகாணித் துளை வழியே நீர் கசிந்தால், அது வெளியேற வழியில்லை. ஈர மரத்தில் பூஞ்சை வளர்கிறது. போர்வை அப்படியே இருக்க, உள்ளே மரம் உளுத்துப்போகிறது.

இதை எப்படிக் கண்டறிவது? பானைச் சோதனைதான்! சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் கையகல இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால், தட்டிய இடம் விறைப்பாக அதிர்ந்து தெளிவான ஒலி தரும். மரம் உளுத்திருந்தாலோ அடுக்குகள் பிரிந்திருந்தாலோ அதிர்வின் ஆற்றல் அங்கேயே உறிஞ்சப்பட்டு மந்தமான ஒலி கேட்கும். ஆனால் உள்ளே நுரைப்பொருள் அடைத்திருந்தாலும் ஒலி மாறும். எனவே இடப்பக்கத்தில் தட்டிய அதே இடத்தை வலப்பக்கத்திலும் தட்டி ஒப்பிட வேண்டும். படகின் இருபுறமும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை. ஒலி மட்டும் வேறுபட்டால் காரணம் தேட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளைச் சாவியால் மெல்ல இறுக்கிப் பார்க்கலாம். நல்ல மரத்தில் அவை அசையா. பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால், பற்றிக்கொள்ள உள்ளே மரம் இல்லை என்று பொருள்.

2. பிசினில் புகுந்த நீர்

அடுத்து, படகைத் தரையில் ஏற்றி அடிப்பாகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அம்மைத் தழும்பு போலச் சிறு சிறு கொப்புளங்கள் தெரிகின்றனவா? மாதக்கணக்கில் நீரிலேயே கட்டிக் கிடந்த படகுகளில் இவை தோன்றுவதுண்டு.

படகின் வெளித்தோல் 'ஜெல்கோட்' என்னும் மெல்லிய பிசின் பூச்சு. அது நீர் புகாதது போலத் தோன்றினாலும், நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக அதனூடே செல்கின்றன. உள்ளே பிசினில் எஞ்சியுள்ள பொருள்களைக் கரைத்து அடர்ந்த கரைசலாகின்றன. வெளியே நன்னீர், உள்ளே அடர்கரைசல், நடுவே ஒரு சவ்வு. இது எந்தப் பாடம் என்று தெரிகிறதா? ஆம், சவ்வூடு பரவல். நீர் மேலும் மேலும் உள்ளே இழுக்கப்பட, அழுத்தம் கூடி மேல்தோல் உப்புகிறது. கொப்புளத்தைக் குத்தினால் காடி போன்ற புளித்த நெடியுடன் திரவம் வெளிவரும். கொப்புளம் ஒன்றிரண்டு என்றால் சுரண்டி அடைத்துவிடலாம். அடி முழுவதும் இருந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது.

3. இரும்பைப் பிளந்த பனிக்கட்டி

இப்போது என்ஜினுக்கு வருவோம். வேக்போர்டு படகுகளில் பெரும்பாலும் மோட்டார் காரில் உள்ளது போன்ற எட்டுச் சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் இருக்கும். பல படகுகளில் காரில் உள்ளது போல ரேடியேட்டர் கிடையாது. ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு பம்பு ஏரி நீரையே உறிஞ்சி, என்ஜினின் இரும்பு உடலுக்குள் செலுத்திக் குளிர்வித்து வெளியே தள்ளுகிறது.

மின்னசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்து போகும். எனவே இலையுதிர்காலத்தில் படகைக் கரையேற்றி, என்ஜினுக்குள் தங்கிய நீரை வடித்துவிட வேண்டும். ஓர் ஆண்டு மறந்துவிட்டால் என்ன ஆகும்?

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீரோ விரியும். 100 கன சென்டிமீட்டர் நீர் உறைந்தால் ஏறக்குறைய 109 கன சென்டிமீட்டர் பனிக்கட்டி ஆகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனால்தான். மூடிய இரும்புக் கூட்டுக்குள் இந்த 9 சதவீதத்துக்கு இடம் ஏது? வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுடையது, வளைந்து கொடுக்காது. சத்தமில்லாமல் பிளந்துவிடுகிறது. வசந்த காலத்தில் பனி உருகியபின் மேலே மயிரிழை போன்ற ஒரு கோடு மட்டும் தெரியும். அதன் மேல் வண்ணம் பூசியிருந்தால் அதுவும் தெரியாது.

ஆனால் விரிசல் உள்ளே இருந்தால் எண்ணெய் காட்டிக் கொடுத்துவிடும். விரிசல் வழியே நீர் கசிந்து மசகு எண்ணெயோடு கலக்கும். இயங்கும் என்ஜின் இரண்டையும் கடைந்து பால்மமாக்கிவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். விற்பவர் நேற்றுத்தான் எண்ணெய் மாற்றியிருக்கலாம். ஆகவே படகை ஓட்டுவதற்கு முன் ஒரு முறையும், ஓட்டி நிறுத்தியபின் ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

4. எட்டுச் சிலிண்டர்களின் சாட்சி

என்ஜினைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனையே! நீங்கள் போய்ச் சேரும்போதே அது சூடாக இருந்தால், முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பத் தகராறு செய்கிறதோ என்று ஐயுற வேண்டும். ஆறிய பின் மறுபடி வந்து பார்ப்பதே நல்லது.

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி என்ஜினைச் சுழற்றுவார்கள். பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியும். ஏழு சிலிண்டர்களில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் வந்து, ஒன்றில் மட்டும் 6 வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சிலிண்டரில் காற்று எங்கோ ஒழுகுகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்ததா, வால்வு சரியாக மூடவில்லையா?

இதைக் கண்டறியும் வழி அழகானது. அச்சிலிண்டரில் சில துளிகள் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் பரவி வளையத்தின் இடைவெளியை அடைக்கும். மேலேயுள்ள வால்வை அது அடைக்காது. எனவே அழுத்தம் உயர்ந்தால் வளையத்தில் பழுது. உயராவிட்டால் வால்வில் பழுது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட கேஸ்கட் கிழிந்திருக்கக் கூடும். என்ஜினைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை அறிந்துவிட்டோம் அல்லவா? மருத்துவர் நாடி பிடித்து நோய் அறிவது போலத்தான் இது.

5. உயிரைக் காக்கும் சோதனைகள்

கரையில் எல்லாம் சரியாக இருந்தாலும் நீரில் ஓட்டிப் பார்க்காமல் படகு வாங்கக் கூடாது. அதற்குமுன் இரண்டு ஆபத்துகளை அறிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. காரில் அது கசிந்தால் கீழே திறந்த வெளியில் கலைந்துவிடும். படகின் அடிப்பாகமோ மூடிய கிண்ணம். ஆவி அங்கேயே தேங்கி நிற்கும். ஒரு சிறு மின்பொறி போதும், படகு வெடித்துவிடும். அதனால் என்ஜினைக் கிளப்புமுன் உள்காற்றை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்ட வேண்டும். என்ஜின் அறையை முகர்ந்தும் பார்க்க வேண்டும். இந்த விசிறி வேலை செய்யாத படகைக் கிளப்பவே கூடாது.

மற்றோர் ஆபத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாகப் பிணைகிறது. படகு ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை படகை நோக்கியே இழுக்கப்படும். படகின் பின்பலகையில் உட்கார்ந்தோ, அதைப் பிடித்துத் தொங்கியோ சென்றவர்கள் மயங்கி நீரில் விழுந்து இறந்ததுண்டு. ஆகவே புகைக்குழாய் இணைப்புகளில் ஒழுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இவை சரியானால் படகை நீரில் விடலாம். வெப்பமானி ஏறக்குறைய 70 டிகிரி செல்சியசில் நிலையாக நிற்கிறதா? ஏறிக்கொண்டே போனால் குளிர்நீர் சரியாக வரவில்லை. வேகம் கூடும்போது தரை நடுங்குகிறதா? விசிறியின் தண்டு வளைந்திருக்கலாம். தொட்டிகளை நிரப்பி, முழுச் சுமையோடு ஓட்டி, பிறகு வடித்துப் பார்க்க வேண்டும். கரைக்கு வந்ததும் அடிப்பாகத்தைத் திறந்தால் அங்கே புதிதாக நீர் சேர்ந்திருக்கக் கூடாது.

கடைசியாகக் காகிதங்கள். 1972 முதல் அமெரிக்கப் படகுகளுக்கு 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி உண்டு. பின்புறத்தில் பொறித்த குறியும் உரிமைப் பத்திரத்தில் உள்ள குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது களவுப் படகாகவும் இருக்கலாம்.

குறை இருந்தால் படகை வாங்கவே கூடாதா? அப்படியில்லை. தேய்ந்த பம்புக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் பிளந்த என்ஜினையும் உளுத்த சட்டங்களையும் சீர்செய்யும் செலவு சில சமயம் படகின் விலையையே மிஞ்சிவிடும். அறிந்து வாங்குவது வேறு, ஏமாந்து வாங்குவது வேறு.

நம் கரையில்

நம் கடற்கரையில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் 'ஃபைபர்' படகுகளும் இதே கண்ணாடி இழையாலும் பிசினாலும் ஆனவையே. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப்பின் இவை மிகுந்தன. இங்கே பனிக்கட்டி பயமில்லை. ஆனால் நாள்தோறும் மணலில் இழுபடுவதால் அடிப்பூச்சு தேய்கிறது. தேய்ந்த இடத்தில் நீர் புகுகிறது. பழைய படகு வாங்கும் மீனவருக்கு அது விளையாட்டுப் பொருள் அன்று. நடுக்கடலில் அவர் உயிரைத் தாங்கும் தரை. தட்டிக் கேட்கும் சோதனை அங்கும் உதவும்.

செய்து பாருங்கள்

1. உலர்ந்த திராட்சை ஐந்தை வெறும் நீரிலும், ஐந்தைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலிலும் ஓர் இரவு ஊறவிடுங்கள். எவை அதிகம் உப்புகின்றன?

2. பிளாஸ்டிக் குப்பியில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, மட்டத்தில் மையால் கோடிட்டு, மூடாமல் உறையவிடுங்கள். பனிக்கட்டி கோட்டைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறது? (கண்ணாடிக் குப்பி வேண்டாம்.)

3. ஒரு மர மேசையை நாணயத்தால் தட்டுங்கள். பிறகு மடித்த துணியை மேசையின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் தட்டுங்கள். ஒலி ஏன் மாறுகிறது?

சிந்தியுங்கள்

மூடிய காலித் தொட்டி ஒன்று ஏரியில் முக்கால்வாசி வெளியே தெரிய மிதக்கிறது. அதற்குள் ஏரி நீரையே நிரப்பினால் அது அமிழ்கிறது. 'தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை' என்கிறான் உங்கள் நண்பன். அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?