உன் வரிசையை நீயே எழுது

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உளவியல் இன்டர்ன்ஷிப்புக்கு ஏழு சைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சதவீதம். இங்கே எடுத்துக்கொள்ள வாய்ப்பு எழுபது, அங்கே முப்பது என்று. இந்தக் கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இன்டர்வியூவில் யார் அதிகம் தலையாட்டினார்கள், நீ போட்ட நன்றி மடலுக்கு யார் அன்றைக்கே பதில் எழுதினார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துப் போட்டிருக்கிறாய். அதன்படி எழுபது வாங்கிய ஒஹாயோ முதலில் நிற்கிறது. நீ மனதார விரும்புகிற சிகாகோ மூன்றாவதாக. முதல் வேலையாக அந்தச் சதவீதங்களை அழித்துவிடு. அவை ரேங்க் லிஸ்டில் எந்த வேலையும் செய்யப் போவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீ லிஸ்ட் கொடுப்பது, விண்ணப்பதாரர்களையும் சைட்டுகளையும் பொருத்துகிற மேட்சை நடத்தும், டொரன்டோவில் இருக்கிற நேஷனல் மேட்சிங் சர்வீசஸுக்கு. அவர்களுடைய கணினி உன் பட்டியலில் முதலில் இருக்கிற இடத்துக்குப் போய்க் கேட்கும். சிகாகோவை முதலில் போட்டாய், அங்கே மூன்று இடம் என்று வைத்துக்கொள். அவர்கள் தங்கள் பட்டியலில் உன்னைச் சேர்க்கவே இல்லையென்றால் கணினி அடுத்ததாக ஒஹாயோவுக்குப் போகும். சேர்த்திருந்து, இடமும் இருந்தால் உன்னை அங்கே உட்கார வைக்கும், ஆனால் தற்காலிகமாக. பிறகு மூன்று இடமும் நிரம்பி, அவர்கள் உன்னைவிட மேலே வைத்த இன்னொருவர் வந்து கேட்டால், உட்கார்ந்திருப்பவர்களில் நீ கடைசி என்றால் எழுந்திருக்க வேண்டும். எழுந்து ஒஹாயோவுக்குப் போகிறாய். பலரும் பயப்படுவது இங்கேதான்: "தாமதமாகப் போனால் ஒஹாயோ நிரம்பியிருக்காதா?" நிரம்பியிருக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் தற்காலிகம்தான். அவர்களில் ஒருவரைவிட உன்னை ஒஹாயோ மேலே வைத்திருந்தால் அவர் எழுந்து போவார், நீ உட்காருவாய். நீ ஒஹாயோவை முதலில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதில் இம்மியும் குறையாது. சிகாகோவை மேலே வைப்பதால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கீழே வைத்தால்தான் நஷ்டம். ஒஹாயோ எடுத்துக்கொண்டால் கணினி சிகாகோவின் கதவைத் தட்டவே தட்டாது.

இது ஏதோ வழிவழியாக வந்த நம்பிக்கை இல்லை, கணிதம். கேல், ஷாப்லி என்ற இருவர் 1962இல் ஒரு சிறு கட்டுரையில் இந்த முறையை அமைத்துக் காட்டினார்கள். கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்து எழுதிய கட்டுரை அது; உன் அப்பாவிடம் சொன்னால் ரசிப்பார். பின்னால் ஆல்வின் ராத் அதை மருத்துவர்களின் மேட்சுக்கும் மற்ற சந்தைகளுக்கும் பொருத்திப் பார்த்தார். 2012இல் பொருளாதார நோபல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் போனது இந்த வேலைக்காகத்தான்.

அப்படியிருக்க "எங்கே கிடைக்குமோ அதை மேலே போடு" என்று உன் சீனியரும் அவருக்கு முந்தைய சீனியரும் ஏன் இன்னும் சொல்கிறார்கள்? அது எங்கள் காலத்து அறிவுரை. நாங்கள் தேடியபோது கணினி மேட்ச் கிடையாது; அது 1999இல்தான் வந்தது. அதற்கு முன்பு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை நாடு முழுக்க ஒரே நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கும். காலை ஒன்பது மணிக்கு முன்பே போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டோம். அறைத்தோழி அவள் அம்மாவோடு பேசிவிடக் கூடாது என்று முந்தின இரவே சத்தியம் வாங்கிக்கொள்வோம். அந்தப் பக்கம் டைரக்டர், "இடம் கொடுத்தால் உடனே சரி என்று சொல்வாயா?" என்று கொக்கி போடுவார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அவர் அடுத்த ஆளுக்குப் போன் போட்டுவிடுவார். அதனால் எல்லா இடத்திலும் "நீங்கள்தான் என் முதல் விருப்பம்" என்று சொல்லி வைக்கிறவர்களும் இருந்தார்கள். அந்த விளையாட்டில் எதிராளியின் மனதைப் படிப்பது பயன்பட்டது. விளையாட்டு மாறிவிட்டது, அறிவுரை மட்டும் தங்கிவிட்டது.

இப்போது ஒருவர் வரிசையை இன்னொருவர் கேட்பதும் சொல்வதும், இன்டர்ன்ஷிப் மையங்களின் சங்கமான அப்பிக்கின் விதிப்படி கூடாது, இரண்டு தரப்புக்கும். யாராவது பேச்சுவாக்கில் "எங்களை எத்தனையாவது போடப் போகிறாய்?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்று. நீயாக எழுதிச் சொல்லவும் வேண்டாம்.

இன்டர்வியூவில் பார்த்த முகத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதே என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நான் பல வருடம் அந்த மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பார்த்தவள். ஜனவரிக் கடைசியில் கமிட்டி கூடும். பலகையில் பெயர்கள். ஒவ்வொருவரும் தன் ஆளுக்காக வாதாடுவார்கள். எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார்; இன்டர்வியூவில் முகத்தில் சிரிப்பே இருக்காது, விண்ணப்பதாரர்கள் வாடிய முகத்தோடுதான் வெளியே வருவார்கள். கூட்டத்தில் அவர்தான் அவர்களுக்காக மேஜையைத் தட்டுவார். எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசிய இன்னொருவர், மாலையில் யார் எந்த ஊர் என்பதையே மறந்துபோவார். நன்றி மடலைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான்கு இடத்தை நிரப்ப அந்தப் பட்டியலில் பத்து, பன்னிரண்டு பெயர் வரை இறங்குவது சாதாரணம். ஆகவே நீ அங்கே எட்டாவதாக இருந்தாலும் உள்ளே வரலாம், இரண்டாவதாக இருந்தாலும் உன் பட்டியலில் மேலே இருக்கிற வேறு இடம் உன்னைக் கொண்டு போய்விடலாம்.

சரி, வாய்ப்புக் கணக்கு வேண்டாம் என்றால் எதை வைத்து வரிசை போடுவது? அந்த ஒரு வருடத்தை வைத்து. வருடம் என்றால்கூடப் பெரிதாக இருக்கிறது, ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள். காலை எட்டரைக்கு யார் உன் எதிரே உட்காருகிறார்கள்? குழந்தையா, சிறையிலிருந்து வந்தவரா, தேர்வுக்குப் பயந்த கல்லூரிப் பிள்ளையா? நீ மூன்று வருடமாகக் கல்லூரிக் கவுன்சலிங் செய்துவிட்டாய். குழந்தைகளுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய சிகிச்சை தர வேண்டும் என்பது உன் கனவு. ஒஹாயோவும் ஒரு கல்லூரிக் கவுன்சலிங் சென்டர்தான். அங்கே அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்ததில் ஆச்சரியமில்லை, அவர்கள் வேலையை ஏற்கெனவே செய்தவள் நீ. ஆனால் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியான போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பிக்கும்போது உன்னிடம் குழந்தைகளோடு வேலை செய்த மணி நேரம் இருக்க வேண்டும். சிகாகோவில் அது கிடைக்கும். கலிஃபோர்னியாவின் சமூக மையத்திலும் கிடைக்கும். பெயர் சின்னதாக இருப்பதால் அதை ஆறாவதாகத் தள்ளியிருக்கிறாய் போலிருக்கிறது.

இன்டர்வியூ எல்லாம் திரையிலேயே முடிந்துவிட்டதால் நீ எந்தக் கட்டடத்தையும் பார்க்கவில்லை. அதனால் இப்போது அங்கே இருக்கிற இன்டர்ன்களிடம் பேசு. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். போன செவ்வாய் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாய் என்று கேள். நோட்ஸ் எழுத வேலை நேரத்தில் இடம் இருக்கிறதா, ராத்திரி வீட்டிலா? சூப்பர்விஷன் ரத்தாகிற வாரங்கள் உண்டா? வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தனி சூப்பர்விஷன் தர வேண்டும் என்பது விதி. விதி எல்லோருக்கும் ஒன்று, அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது இடத்துக்கு இடம் வேறு. உன் செஷன் பதிவைக் கேட்டுவிட்டு வந்து பேசுகிற சூப்பர்வைசரும் உண்டு, "எல்லாம் ஓகேதானே?" என்று கையெழுத்துப் போடுகிறவரும் உண்டு. இரண்டு சைட் ஒரே தராசில் நின்றால் நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன். உன் டிசர்ட்டேஷனில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. வாரம் ஐம்பத்தைந்து மணி நேரம் பிழிகிற இடம் அதை விழுங்கிவிடும் என்பதையும் மறக்காதே.

உன் அப்பா என்னிடம் தனியாகப் போன் செய்தார். உன் லிஸ்டில் இருக்கிற டெக்சாஸ் மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் ஈரோட்டில் நாலு பேருக்குத் தெரியும் என்கிறார். தெரியட்டும். நாலு பேரும் அங்கே வந்து வேலை செய்யப் போவதில்லை. பெயரைவிட நீ பார்க்க வேண்டியது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ அங்கீகாரம். லைசென்ஸ் வாங்கும்போதும், பின்னால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் மாதிரி இடங்களில் வேலைக்குப் போகும்போதும் அதுதான் கேள்வியாக வரும். உன் ஏழில் ஆறுக்கு அது இருக்கிறது. ஏழாவது இன்னும் விண்ணப்பித்துக் காத்திருக்கிறது. அதைக் கடைசியில் வைத்தது சரி.

அடுத்தது விசா. உன்னோடு படிக்கிற அமெரிக்கப் பிள்ளைகள் யாரும் உனக்கு இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிற நீ இன்டர்ன்ஷிப்பை சிபிடி என்ற, படிப்போடு சேர்ந்த வேலை அனுமதியில்தான் செய்வாய். முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதம் நிறைந்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி, அதாவது படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி, கிடைக்காது. ஓபிடி இல்லையென்றால் போஸ்ட்டாக் வருடத்துக்கு என்ன செய்வாய்? பல சைட்டுகளில் ஜூலை ஒன்று முதல் ஜூன் முப்பது வரை என்று சரியாக ஒரு வருடம் போடுவார்கள். சில நாள் தாமதமாகத் தொடங்கவோ முன்னதாக முடிக்கவோ அவர்கள் ஒத்துக்கொள்வார்களா, வெளிநாட்டு மாணவர்களை முன்பு எடுத்த அனுபவம் உண்டா என்பதை உன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் சைட்டிடமும் லிஸ்டைப் பூட்டுவதற்கு முன்பே கேட்டுவிடு. மேட்ச் ஆன பிறகு கேட்டால் உன் கையில் பிடி இருக்காது.

பணத்தைப் பற்றி எழுத நீ கூச்சப்பட்டிருக்கிறாய். கூச்சமே வேண்டாம். ஸ்டைபெண்டை எடுத்து அந்த ஊர் வாடகையைக் கழி. இன்சூரன்ஸ் முதல் நாளிலிருந்தா, ஒரு மாதம் கழித்தா என்று பார். கலிஃபோர்னியா மையத்துக்கு வேலை நேரத்தில் மூன்று பள்ளிகளுக்கு ஓடக் கார் வேண்டும்; சிகாகோவில் ரயில் போதும், ஆனால் ஜனவரிக் குளிர் எலும்பைத் தொடும். சிநேகிதி யாராவது பக்கத்தில் இருக்கிறாளா, இந்தியக் கடை எத்தனை மைல் என்று பார்ப்பதும் நியாயமான காரணம்தான். நாளெல்லாம் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு ராத்திரி ரசம் சோறு வேண்டும்.

அந்த ஐந்தாவது சைட் விஷயம். உன் ஆங்கில உச்சரிப்பு நோயாளிகளுக்குப் புரியுமா என்று இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். லிஸ்டில் இருக்கிற எந்த இடம் கிடைத்தாலும் போயே ஆக வேண்டும், மேட்ச் உன்னையும் அவர்களையும் கட்டிப்போடுகிறது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கேள்வி: பிப்ரவரியில் முடிவு வரும் அந்த வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் இந்தப் பெயர் வந்தால் போவேனா, அல்லது எதுவும் கிடைக்காமல் இரண்டாம் கட்டத்துக்குப் போவதே மேலா? மார்ச்சில் நடக்கிற இரண்டாம் கட்டத்தில் மீதமிருக்கிற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 2012ஐ ஒட்டிய வருடங்களில் இடத்துக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்தது, அப்போது இப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு வருடம் தள்ளிப்போனால் உனக்குக் கட்டணம், விசா எல்லாம் நீளும். என் யோசனை: உச்சரிப்பைப் பற்றிக் கேட்டவர்கள் உன் சூப்பர்வைசராக வரப்போகிறவர்களா என்று முதலில் தெரிந்துகொள். ஆம் என்றால் அந்த சைட்டை லிஸ்டிலிருந்து எடுத்துவிடு. இல்லையென்றால் ஆறாவதாக வை.

இன்னும் ஒன்று. ஒரே மருத்துவமனையின் குழந்தைகள் டிராக்குக்கும் பெரியவர்கள் டிராக்குக்கும் தனித்தனி ஆறு இலக்க எண் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டும் என்று சட்டமில்லை. டெக்சாஸின் குழந்தைகள் டிராக்கை இரண்டாவதாகவும் பெரியவர்கள் டிராக்கை ஐந்தாவதாகவும் போடலாம், நடுவில் கலிஃபோர்னியாவும் ஒஹாயோவும் வரட்டும். எண்களை ஒரு முறை சத்தமாகப் படித்துச் சரிபார். லிஸ்டைத் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது, கடைசியில் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினால்தான் அது கணக்கில் சேரும்.

புது வரிசையை எனக்கு அனுப்ப வேண்டாம், அப்பாவுக்கும் வேண்டாம். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். சிபிடி தேதி பற்றி நாளைக் காலையே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதிவிடு.

அன்புடன்,
அத்தை