செயினை டைட்டா வெச்சா நல்லதா?

வண்டி பராமரிப்பு பற்றி நாம் கேள்விப்படும் யோசனைகளில் பாதி 'கூட்டினா நல்லது', 'குறைச்சா நல்லது' ரகம். சீட்டுக்கு அடியில் நைந்து கிடக்கும் கையேட்டிலோ ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

நம்பிக்கை: செயின் எவ்வளவு டைட்டோ அவ்வளவு நல்லது.

உண்மை: ஆள் ஏறி உட்கார்ந்து பின் ஷாக் அமுங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே டைட்டாக இருந்தால் அந்த இழுப்பு ஸ்ப்ராக்கெட்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேயாது. இருப்பதிலேயே இறுக்கமான இடம் வந்ததும் நிறுத்தி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கீழ்ச்செயினை விரலால் ஏற்றி இறக்கி, பிள்ளைகளின் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சின்ன வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டியின் கணக்கு கையேட்டில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது துணியோ விரலோ செயின் பக்கமே போகக் கூடாது.

நம்பிக்கை: வடித்த பழைய ஆயிலே செயினுக்குப் போதும்.

உண்மை: அதில் கரியும் எஞ்சின் தேய்ந்த உலோகத் தூளும் கலந்திருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு, செயின் லூப் அடியுங்கள். ரப்பர் வளையங்கள் உள்ள ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவினால் அந்த ரப்பர் கெடும்.

நம்பிக்கை: கோடையில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைக்க வேண்டும்.

உண்மை: காற்று குறைந்த டயர் சுற்றுக்குச் சுற்று நசுங்கி நிமிர்வதால்தான் அதிகமாகச் சூடேறுகிறது. கையேட்டில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே பாருங்கள்.

நம்பிக்கை: ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது.

உண்மை: கரியைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வதால் நல்ல ஆயிலும் கறுக்கும். மாற்றும் நேரத்தை நிறம் சொல்லாது, கிலோமீட்டர்தான் சொல்லும். ஆனால் அளவைப் பார்க்க மறக்காதீர்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா செருகித்தான் பார்க்க வேண்டும். திருகினால் கூடுதல் ஆழம் போய், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும்.

நம்பிக்கை: விலை கூடிய கார் ஆயில் பைக்குக்கும் நல்லது.

உண்மை: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறுகின்றன. வழுக்கலைக் கூட்டும் சேர்மானமுள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு வேறு: 'எம்பி'.

ஆகவே வீட்டில் வேலையைத் தொடங்க ஸ்பானர் செட் அவசரமில்லை. ஒரு ஸ்கேல், ஒரு காற்று கேஜ், அந்த நைந்த கையேடு. பிரேக் ஆயில் கசிகிறதா? அப்போது ஷெட்டுக்கே போங்கள்.