அறுபது சதவீத அடைப்பு

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கயலுக்கு,

தாத்தாவின் சி.டி. ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் 60 சதவீத அடைப்பு என்று இருந்தும் டாக்டர் ஏன் உடனே ஸ்டென்ட் வைக்கவில்லை என்று கேட்டிருந்தாய். திருவெள்ளறையில் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்களாமே, சொல்லட்டும்.

அந்தச் சதவீதம், குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. தசைக்கு ரத்தம் போதுமா என்பது வேறு கேள்வி. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் வாய்க்காலில் மண் சரிந்து கிடக்கும் இடத்தைப் பார்த்திருப்பாய். தண்ணீர் கொஞ்சமாக ஓடும்போது சரிவுக்கு மேலும் கீழும் மட்டம் ஏறத்தாழ ஒன்றுதான். முழுத் தண்ணீர் விட்டால்தான் வித்தியாசம் தெரியும். இதயக் குழாயையும் முழு ஓட்டத்தில்தான் சோதிக்க வேண்டும்.

1990-களில் நிக்கோ பைல்ஸ், பெர்னார்ட் டி பிரைன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதற்கு வழி வகுத்தார்கள். அழுத்தமானி பொருத்திய, 0.36 மி.மீ. தடிமனுள்ள கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப்.எஃப்.ஆர். அது 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது. 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில், இப்படி அளந்து பார்த்த 50–70 சதவீத அடைப்புகளில் 35 சதவீதம்தான் அந்த எல்லைக்குள் வந்தன. தாத்தா நிற்பது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் கம்பி உள்ளே போக வேண்டுமே! ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் டெய்லரும் கிறிஸ்டோஃபர் ஜரின்ஸும் 2007-இல் ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தைத் தொடங்கியது அதைத் தவிர்க்கத்தான். 2014 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அவர்கள் முறைக்கு அனுமதி தந்தது. சி.டி. படத்திலிருந்து குழாயின் உட்புறத்தை முப்பரிமாண வடிவமாக்கி, நுண்ணிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்ம ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கும். நீ பதினொன்றாம் வகுப்பில் படித்த பாய்சொய் சமன்பாடு, நேரான குழாயில் சீராக ஓடும் நீர்மத்துக்கானது. வளைந்து கிளைவிடும் குழாய்க்கு அது போதாது. ஆனாலும் ஆரத்தின் நான்காம் அடுக்கு என்ற அதன் மிரட்டல் இங்கேயும் உண்டு. ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. சி.டி.யில் தெரியாத நுண்குழாய்கள் எவ்வளவு தடை கொடுக்கும்? இதயத் தசையின் எடையைப் படத்திலிருந்தே கணக்கிட்டு, இவ்வளவு தசைக்கு இவ்வளவு ரத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். பெரிய கிளைக்கு அதிகம், சிறிய கிளைக்குக் குறைவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் கையில் கட்டும் பட்டையிலிருந்து வருகிறது. அடினோசின் உடம்புக்குள் போவதே இல்லை; அது செய்யும் வேலையை, தடையைக் குறைத்துக் கணக்கில் மட்டும் செய்துகொள்கிறார்கள். துணிச்சலான அனுமானம்தான். 2014-இல் வந்த என்.எக்ஸ்.டி. ஆய்வு இந்தக் கணக்கைக் கம்பி அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதைவிட இது மேல் என்று தெரிந்தது. விடை 0.80-ஐ ஒட்டி வரும்போது மட்டும் நான் அவ்வளவு நம்பமாட்டேன்.

படம் சரியில்லையென்றால் கணக்கும் சரியாக வராது. சுவரில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தாலோ, எடுக்கும்போது இதயம் வேகமாகத் துடித்திருந்தாலோ குழாயின் விளிம்பு மங்கிவிடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, படம் தெளிவாக இருந்ததா என்று கேள். பெருமாள் கோயிலின் 18 படிகளில் ஏறும்போது தாத்தாவுக்கு நெஞ்சு இறுக்கம் வருகிறதா என்பதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தால், எந்தக் கணக்குக்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு.

அன்புடன்,
சித்தப்பா