பிரேக்கரைத் திறந்தது யார்?

"ஹேக்கிங் எல்லாம் கம்ப்யூட்டர் பசங்க பாடம்டா, நமக்கெதுக்கு?" என்று கேட்ட எலக்ட்ரிகல் மாணவர்களில் நானும் ஒருவன். உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்ததைப் படித்தபோதுதான் உறைத்தது. மின்விநியோகக் கண்ட்ரோல் ரூமில், ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்திருக்கிறது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில்! ஊழியர்கள் சப்ஸ்டேஷனுக்கே போய்க் கையால் மூடியபிறகுதான் கரண்ட் வந்தது. (அது நம்ம ஸ்விட்ச்கியர் பாடம்தானே!)

நம்ம பி.எல்.சி. லேபில் இருக்கும் மாட்பஸ் 1979-இல் வந்தது. அதில் பாஸ்வேர்டே கிடையாது. யார் சொன்னாலும் கேட்கும். சந்தேகமாக இருந்ததால் லேப்டாப்பை நெட்வொர்க்கில் இணைத்து, வயர்ஷார்க்கில் பார்த்தேன். மோட்டாரை ஓட்டும் கட்டளை பூட்டில்லாமல் அப்படியே தெரிந்தது. மொத்தமே 12 பைட். அதையே என் லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். மோட்டார் ஓடிடுச்சு!