கிளை நறுக்கும் இயந்திரம்: பழுதறிதலும் திருத்துதலும்

கல்முனைக் கரையோர நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

முகவுரை

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் மரக்கறித் தோட்டங்கள் பெரும்பாலும் மணற்பாங்கான நிலத்திலேயே அமைந்துள்ளன. மணல் நீரையும் பசளையையும் நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை. இட்ட பசளையின் ஒரு பங்கு மழையோடு கீழிறங்கிப் போய்விடும். இக்குறைக்கு உற்ற பரிகாரம் மண்ணிற் சேதனப் பொருளைச் சேர்த்தலாகும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும் வரை கமக்காரர் பட்ட இடர், கூட்டெருவை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்து வைப்பதன் அருமையை யாவருக்கும் உணர்த்திற்று.

கூட்டெருவுக்கு வேண்டிய பொருள் ஊரிலேயே உண்டு. தென்னோலை, மட்டை, வேலிக் கிளிரிசீடியா, பூவரசங் கிளை ஆகியன எங்குங் கிடைக்கும். ஆயினும் மட்டையையுங் கிளையையும் முழுதாகக் குவித்தால் அவை உக்குவதற்கு நெடுங்காலஞ் செல்லும். விரலளவு துண்டுகளாக நறுக்கிப் பச்சிலையுஞ் சாணமுஞ் சேர்த்தால் இரண்டு அல்லது மூன்று மாதங்களில் உக்கிவிடும். பெரும்போக மழை ஐப்பசியில் தொடங்குவதால், ஆடி மாதத்திலேயே குவியல் அமைக்கப்படல் வேண்டும். அந்நேரம் நறுக்கும் இயந்திரம் பழுதுற்று நின்றால் அப்போகத்துக்கு எருவில்லை. ஆகவே இயந்திரத்தின் குறையைத் தாமே கண்டறியுந் திறமை கமக்காரர் ஒவ்வொருவருக்கும் வேண்டியதாகும்.

1. இயந்திரம் தொழிற்படும் முறை

பாரமான வட்டத்தட்டு ஒன்றில் அல்லது உருளையில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ வெட்டலகுகள் பூட்டப்பட்டிருக்கும். வாய்ப்புறத்தில் அசையாத நிலையலகு ஒன்று உண்டு. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போலவே, சுழலும் அலகும் நிலையலகும் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது கிளை வெட்டுண்கிறது. எஞ்சினின் அல்லது மோட்டரின் விசை வீ வடிவ வார்ப்பட்டி மூலம் கப்பிக்குச் செல்கிறது. சுழல்தண்டின் இரு முனைகளையும் போல் பெயாரிங்குகள் தாங்குகின்றன. எனவே பழுது தோன்றக்கூடிய இடங்கள் நான்கு: அலகு, வார்ப்பட்டி, பெயாரிங், விசை தரும் எஞ்சின்.

2. கை வைக்குமுன்

இவ்வியந்திரம் கிளையை வெட்டுவதுபோலவே கையையும் வெட்டும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் பாரமான தட்டு சிறிது நேரஞ் சுழன்றுகொண்டேயிருக்கும். சத்தம் நின்றுவிட்டது என்று எண்ணி மூடியைத் திறத்தல் பெருந் தவறாகும். பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்தல் வேண்டும்:

(அ) எஞ்சினை நிறுத்தி, தட்டு முற்றாக ஓய்ந்ததைக் கண்ணாற் காணல் வேண்டும்.
(ஆ) பெற்றோல் எஞ்சினாயின் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒருபுறம் ஒதுக்குக. மின்மோட்டராயின் பிளக்கைப் பிடுங்கித் தம் கண்ணெதிரே வைத்துக்கொள்க. கைஉழவு இயந்திரத்தோடு பூட்டியதாயின் வார்ப்பட்டியைக் கழற்றுக.
(இ) மூடியைத் திறந்ததும் தட்டு அசையாதபடி மரக்கட்டை ஒன்றைச் செருகுக. ஓர் அலகைத் தளர்த்தும்போது தட்டுத் திரும்பினால் மற்றை அலகு விரலைத் துண்டிக்கும்.

அடைப்பை எடுக்கக் கையையோ காலையோ வாயினுள் ஒருபோதும் விடலாகாது.

3. பழுதறியும் ஒழுங்கு

செலவில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ளதை இறுதியிலுஞ் செய்தலே நல்லொழுங்கு. நிந்தவூரில் ஒரு கமக்காரரின் இயந்திரம் அதிர்கிறது எனக் கொள்வோம். அவர் பெயாரிங் பழுதென்று எண்ணிப் புதியது பூட்டுகிறார். அதிர்வு குறையவில்லை. சில கிழமைகளில் புதிய பெயாரிங்கும் இரைகிறது. உண்மையில் அலகுகளைச் சாணை பிடித்தபோது ஒன்று மற்றதினும் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு கடைத் தராசிற் கால் மணி நேரத்திற் கண்டறியத்தக்க குறைக்காக அவர் இருமுறை பணஞ் செலவிட்டார். காரணத்தை அறியாது விளைவை மாற்றுதல் திருத்தமாகாது.

4. குறைகளும் பரிகாரங்களும்

துண்டுகள் நாராகவும் கிழிசலாகவும் விழுதல். அலகு மழுங்கியதே முதற் காரணம். நல்ல அலகு ஒத்த அளவான துண்டுகளைத் தரும். கிளையைத் தானே உள்ளிழுக்கும். கிளையைத் தள்ளவேண்டிய நிலை வந்தால் அலகைத் தீட்டும் காலம் வந்துவிட்டதென அறிக. அலகு கூராயிருந்தும் நார் விழுமாயின் நிலையலகுக்குரிய இடைவெளி அகன்றுள்ளது. இயந்திரத்தோடு வந்த கைந்நூலில் இடைவெளி குறிக்கப்பட்டிருந்தால் அதனையே கொள்க. சிறிய இயந்திரங்களில் அது பொதுவாக ஒரு மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். இரும்பறுக்கும் கைவாளின் அலகு ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர் தடிப்புடையது. அவ்வலகு ஒன்று தாராளமாக நுழைந்து, இரண்டு சேர்த்துச் செருகும்போது இறுக்கமாயிருந்தால் இடைவெளி ஏற்றதாகும். தட்டைக் கையாலன்றிக் கட்டையாற் திருப்பி ஒவ்வோர் அலகுக்கும் இதனைச் சோதித்தல் வேண்டும்.

அடிக்கடி அடைத்துக்கொள்ளுதல். மழையில் நனைந்த இலையையும் பச்சைக் கிளிரிசீடியாவையும் தொடர்ந்து இட்டால் அவை பசைபோல் ஒட்டிக் குழாயை அடைக்கும். பச்சைக் கிளை ஒரு பிடியும் காய்ந்த மட்டை ஒன்றுமாக மாறிமாறி இடுக. தென்னோலையின் நீண்ட நார் சுழல்தண்டிற் சுற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதனைக் கத்தியால் அறுத்து நீக்குதல் வேண்டும். எஞ்சின் முழுவேகம் எய்துமுன் கிளையிடுதலும் அடைப்புக்குக் காரணமாகும்.

அதிர்தல். திடீரெனத் தோன்றிய அதிர்வாயின் உடனே நிறுத்துக. அலகின் போல்ற் தளர்ந்திருக்கலாம். அலகிற் துண்டு உடைந்து தெறித்திருக்கலாம். படிப்படியாகக் கூடிய அதிர்வாயின் அலகுகளின் நிறை ஒவ்வாமையை ஐயுறுக. இது அற்பமான காரியமன்று. நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் தட்டில், மையத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் தூரத்தில் 10 கிராம் நிறை கூடியிருப்பின், ஏறக்குறைய 10 கிலோ பாரம் தூக்கியிழுப்பதற்கு ஒப்பான விசை சுழல்தண்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக இழுக்கும். பெயாரிங் விரைவிற் கெடுவதன் காரணம் இதுவே.

எஞ்சின் ஓடியுந் தட்டு மெலிந்து சுழலுதல். றப்பர் கருகிய மணமும் கப்பியடியிற் கரிய தூளுங் காணப்பட்டால் வார்ப்பட்டி வழுக்குகிறது. இரு கப்பிகளுக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்க்க. கப்பிகள் தொடும் இடங்களுக்கிடையே 60 சென்ரிமீற்றர் இருப்பின் ஒரு சென்ரிமீற்றர் அளவு தாழ்தல் போதும். அதனினும் இறுக்கினால் பெயாரிங் சூடேறும். பின் இரு கப்பிகளின் முகத்துக்கும் நேராக நூல் பிடித்து, நூல் நாலு இடத்திலுந் தொடுகிறதா எனக் காண்க. இரண்டு வார்ப்பட்டிகள் உள்ள இயந்திரத்தில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.

பெயாரிங் சூடாதலும் இரைதலும். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, புறங்கையை அதன் கூட்டில் வைக்க. கை பொறுக்கமாட்டாத சூடாயின் குறையுண்டு. கிறீஸ் இல்லாமை, கிறீசை அளவுக்கு மிஞ்சி ஏற்றுதல், வார்ப்பட்டி மிகை இறுக்கம் ஆகிய மூன்றையும் முதலில் நோக்குக. தண்டை மேலுங் கீழும் அசைக்கும்போது ஆட்டந் தெரிந்தால் பெயாரிங்கை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

எஞ்சின் திணறுதல். நறுக்கும் தூசி காற்று வடிகட்டியை அடைப்பதே பெரும்பாலான காரணம். அதனை நாள்தோறுந் தட்டித் துப்புரவாக்குக. மின்மோட்டராயின் நீண்ட மெல்லிய வயர் மூலம் மின் எடுத்தலைத் தவிர்க்க. அழுத்தங் குறைந்து மோட்டர் சூடேறி எரிந்துபோகும். மின்னிணைப்புத் திருத்தத்தை அத்தொழில் கற்றவரிடமே விடுதல் வேண்டும்.

5. அலகு தீட்டும் முறை

அலகின் சரிவான முகத்தை மாத்திரந் தீட்டுக. தட்டையான முகத்தைத் தேய்க்கலாகாது. முந்தைய சரிவுக் கோணம் மாறாதிருத்தல் வேண்டும். சாணைச் சில்லிற் பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்க. அலகின் ஓரம் நீலநிறமாயின் இரும்பின் வன்மை போய்விட்டது. அப்பகுதி விரைவில் மழுங்கும். தீட்டி முடிந்ததும் எல்லா அலகுகளையும் தராசில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாரமானதன் பின்புறத்தைத் தேய்த்துச் சமன்செய்க. வெடிப்புள்ள அலகை ஒட்டுவித்துப் பூட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

அலகின் போல்ற்றுகள் வன்மையான உருக்கினாலானவை. அவற்றின் தலையில் 8.8 அல்லது 10.9 போன்ற இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். புதியது வாங்கும்போது அதே இலக்கமுடையதையே கேட்டு வாங்குக. பூட்டிய பின் தட்டை முழுச்சுற்றுத் திருப்பி, எங்கும் உராயவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே எஞ்சினை இயக்குதல் வேண்டும்.

6. கரையோரத்துக்குரிய எச்சரிக்கைகள்

இப்பகுதியில் அலகுக்கு இரு பகைகள் உண்டு. முதலாவது மணல். நிலத்தில் இழுத்து வந்த ஓலையை இரண்டொரு முறை உதறிய பின்னரே இடுதல் வேண்டும். இரண்டாவது வேலிக் கிளிரிசீடியாவில் மறைந்துள்ள ஆணியும் முட்கம்பியும். உயிர்வேலிக் கதியால் வளர வளரக் கம்பி மரத்துள் அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியாது போகும். ஆகவே கம்பி கட்டிய அடிப்பகுதியை வெட்டி நீக்கி, மேற்கிளைகளை மாத்திரம் நறுக்குக. ஒரு துண்டு கம்பி அலகைப் பாழாக்குவதோடு, எதிரே நிற்பவரின் கண்ணையும் பறிக்கக்கூடும்.

கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் பச்சைச் சாற்றைத் துடைத்து, அலகிற் பழைய ஒயில் பூசி, இயந்திரத்தைக் கொட்டிலினுள் வைத்தல் நன்று.

7. நறுக்கிய பொருளைப் பற்றி ஒரு சொல்

புதிதாக நறுக்கிய மரத்துண்டுகளை மண்ணுள் நேரே புதைத்தலாகாது. அவை உக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்துகொள்ளும்; கத்தரியும் மிளகாயும் மஞ்சளிக்கும். உக்கிய பின் இடுக. அன்றேல் பாத்தியின் மேற்பரப்பில் மூடாக்காக மாத்திரம் பரப்புக. குவியலைப் புரட்டும்போதெல்லாம் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள் உள்ளனவா என நோக்கி, காணப்படின் எடுத்தழித்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க

தட்டு ஓயுமுன் மூடியைத் திறவற்க.
கிளையைத் தள்ளும் நிலை வருமுன் அலகைத் தீட்டுக.
தீட்டிய அலகைத் தராசில் இடாது பூட்டற்க.
கம்பியுங் மணலும் வாயினுட் செல்ல விடற்க.
ஆனி மாதத்திலேயே இயந்திரத்தைச் சோதித்து வைக்க. ஆடியில் நறுக்கியவருக்கே ஐப்பசியில் எரு உண்டு.